ஆயிரம் சிவப்புக் கட்டைகள்

தன்ஷிகா டேப்லெட்டில், கட்டை அடுக்கும் விளையாட்டில், ஒரு பாலம் கட்டினாள். பிறகு டேப்லெட்டைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, அதைப் பார்த்துப் பார்த்துப் பிளாஸ்டிக் கட்டைகளால் அதே பாலத்தைத் தரையில் கட்டினாள். முடியப்போகும் நேரத்தில் ஒரு சிவப்புக் கட்டை குறைந்தது. டப்பாவைக் கவிழ்த்தாள், கட்டிலுக்கு அடியில் தேடினாள். கிடைக்கவில்லை.

தரையில் கிடந்த கட்டைகளைப் பார்த்து டேப்லெட்டுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உங்களோடு இதே தொல்லைதான். ஒன்று தொலைந்தால் வேலையே நின்றுபோகும். என்னிடம் ஆயிரம் சிவப்புக் கட்டை இருக்கிறது. எதுவும் தொலையாது, எதுவும் விழாது."

"கொஞ்சம் மெதுவாகப் பேசுங்க அண்ணே" என்றது ஒரு நீலக் கட்டை.

"ஏன்? நான் யார் தயவிலும் நிற்கவில்லையே!"

படத்தை மறுபடி பார்க்கக் குனிந்த தன்ஷிகா, "அட, வழுக்காமல் இருக்க நான்தானே இங்கே வைத்தேன்!" என்று டேப்லெட்டின் காலடியிலிருந்து சிவப்புக் கட்டையை உருவினாள். டேப்லெட் சறுக்கி மல்லாந்து விழுந்தது. பாலம் முடிந்தது.

"யாராவது தூக்கிவிடுங்களேன், பாலத்தைப் பார்க்கணும்" என்று கெஞ்சியது டேப்லெட்.

பாலத்தின் உச்சியிலிருந்து சிவப்புக் கட்டை பணிவாகச் சொன்னது: "உங்ககிட்டதான் ஆயிரம் இருக்கே அண்ணே, ஒன்றை எடுத்து முட்டுக்கொடுத்துக்கோங்க."