கீபோர்டுக்கு அடியில் இருந்த சீட்டு

வீட்டுக் கம்ப்யூட்டரை வைரஸ் ஒருமுறை பாடாய்ப் படுத்தியதிலிருந்து அவர் மாதம் தவறாமல் பாஸ்வேர்டை மாற்றிவந்தார். மறந்துபோகுமே என்று கீபோர்டின் அடியில் ஒட்டிய சீட்டில் பழையதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அதன் கீழே புதியதை எழுதுவார்.

இன்று ஒன்றை மனதுக்குள் முடிவுசெய்துகொண்டு கீபோர்டைத் திருப்பினார். அதே பாஸ்வேர்டு ஏற்கெனவே எழுதி, அடிக்கவும் பட்டிருந்தது.

"இதுல நீ ஏதாவது எழுதினியா?"

"கோழி கிளறின மாதிரி இருந்தா அது உங்க எழுத்துதான், போங்க" என்றாள் மனைவி, அடுத்த அறையிலிருந்து.

கோழி கிளறின மாதிரிதான் இருந்தது. அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அதன் கீழே, அவர் இன்னும் யோசித்தே இராத மூன்று மாதத்துப் பாஸ்வேர்டுகள், அதே கிறுக்கலில் எழுதி அடிக்கப்பட்டிருந்தன.

கடைசியாக இருந்தது மட்டும் அடிக்கப்படவில்லை. அது முத்து முத்தாக, மனைவியின் கையெழுத்தில் இருந்தது.