ஃபோர்த்வித்

"உன் புருஷனுக்கு ஜாமீன் கெடச்சிருச்சும்மா!" கள்ளக்குறிச்சி கோர்ட்டு வாசலில் வக்கீல் கொளஞ்சியப்பன் சிரித்தார். "ஃபோர்த்வித் விடணும்னு ஜட்ஜ் சொல்லிட்டாரு."

இடுப்பில் குழந்தையோடு நின்ற சிவரஞ்சனி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அப்பிடின்னா இன்னா சார்?"

"பழைய இங்கிலீஷு. 'ஃபோர்த்'துன்னா முன்னால போறது, 'வித்'துன்னா கூடவே. உத்தரவு வந்த கையோடன்னு வெச்சுக்கோயேன்."

"அப்ப இன்னிக்கேவா?"

"சாயந்திரமே வந்துடுவான். அழாத."

"சேலம் பஸ்ஸு எங்க சார் நிக்கும்?"

"சேலமா? உங்க மலை ஊருக்கு கச்சிராயபாளையம் பஸ்ஸுதானே ஏறணும்?"

"மலைக்கு இல்ல சார்." குழந்தையின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். முதுகெல்லாம் பீடியால் சுட்ட தழும்புகள்.

"அவரு வர்றதுக்குள்ள எங்கியாச்சும் ஓடிடணும்."