மற்றவர்

"போன மாசம்தானே ஒருத்தர் வந்து எல்லாத்தையும் எழுதிக்கிட்டுப் போனாரு? மறுபடியுமா?"

"அது வீட்டுக் கணக்கு சார். இது ஆள் கணக்கு."

கழுத்தில் கணக்கெடுப்பு அட்டை தொங்க வாசலில் நின்றாள் அந்தப் பெண். கதவைத் திறந்தவரின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததும் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டாள்.

"கண்ணு ஆபரேஷன். ஆளெல்லாம் நிழலாத்தான் தெரியுது. உள்ள வாங்க."

அச்சகத்தில் பிழை திருத்தியே காலம் தள்ளியவர் அவர். பஸ் டிக்கெட்டில் ஓர் எழுத்து தப்பாக இருந்தால்கூட கண்டக்டரிடம் மல்லுக்கு நிற்பார். அவரைப் போய்க் கண்ணுக்கு வேலை கொடுக்காமல் சும்மா இருக்கச் சொன்னால்? வீட்டில் இருப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

"பார்த்து உட்காருங்க. அந்த ஜன்னலோரத்து நாற்காலி ஆளைக் கவுத்துடும்."

"உட்கார்ந்துட்டேன் சார்," என்று ஜன்னலோரத்திலிருந்து பதில் வந்தது.

வீட்டுச் சொந்தக்காரரையும் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டையும் 'டொக்'கென்று சாய்த்த பெருமை அந்த நாற்காலிக்கு உண்டு. அன்றைக்கு ஏனோ சாதுவாக இருந்தது.

அவருடைய மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். தம்ளரை நீட்டியவள், பாதியைத் தரையில் சிந்திவிட்டாள்.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல. கை தவறிடுச்சு." துடைக்கத் துணி எடுக்கப் போனவள் சமையலறையிலேயே நின்றுவிட்டாள்.

வந்தவள் டேப்லெட்டைத் திறந்து படிக்க ஆரம்பித்தாள். "குடும்ப தலைவர் பெயர்..."

"நடுவுல ஒரு 'த்' வரணுமே. அதுல விட்டிருக்காங்களா?"

"ஆமா சார். பார்க்காமயே எப்படி...?"

"கண்ணுக்குத்தான் ஆபரேஷன். காது நல்லா இருக்கு."

பெயர், வயது, தொழில் எல்லாம் மளமளவென்று முடிந்தன. அடுத்த கேள்விக்கு அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பிள்ளைங்க?"

"ஒரு பையன் இருந்தான்."

"தவறிட்டாரா சார்?"

"ஐயையோ, வாயைக் கழுவுங்க! இருக்கான். எங்கேயோ நல்லா இருக்கான்." பெரியவர் வேட்டி நுனியை முறுக்கினார். "அவன்... ஒரு மாதிரி."

"அந்த வார்த்தை இதுல ஏறாது சார்."

"கொஞ்சம் வேற மாதிரி. ஊர் உலகத்துல யார் வீட்டுலயும் இல்லாத மாதிரி."

அதுவும் ஏறாது என்று அவள் சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வார்த்தைகளைத் திருத்தியவர், தன் வீட்டுக்கு ஒரு வார்த்தை கிடைக்காமல் திணறினார்.

"தெருவுல ஒரு வார்த்தை சொன்னாங்க. சொந்தக்காரங்க வேற ஒண்ணு சொன்னாங்க. காதால கேக்க முடியாத வார்த்தைங்க. அவன் அம்மா புடவையைக் கட்டிக்கிட்டுக் கண்ணாடி முன்னால நின்னான் பாருங்க, அன்னைக்கு நானும் ஒண்ணு சொன்னேன். எல்லாத்தையும்விட மோசமானது அதுதான். அதைக் கேட்டுட்டுப் படியிறங்கினவன்தான். அப்புறம் இந்தப் பக்கமே வரல."

சமையலறையில் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. மூடுவாரில்லை.

"ஆண், பெண், மற்றவர். மூணுதான் சார் இருக்கு," என்றாள் அந்தப் பெண். "மற்றவர்னு போட்டுடட்டுமா?"

"மற்றவரா?" பெரியவர் விருட்டென்று நிமிர்ந்தார். "பெத்த பிள்ளையைப் போய் மற்றவர்னு எப்படி எழுதறது? பக்கத்து வீட்டுக்காரனைச் சொல்ற வார்த்தை அது."

"அப்ப வேற என்ன போடறது சார்?"

"சரியான வார்த்தை ஒண்ணு இருந்தது. ரொம்பச் சின்ன வார்த்தை. அன்னைக்கு எனக்குத்தான் அது வாயில வரல."

கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னம் நனைந்தது. அழக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இத்தனை வருஷத் துக்கத்துக்கு டாக்டர் சொன்னதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது?

"நான்... நான் நாளைக்கு வரேன் சார்." அந்தப் பெண் டேப்லெட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு அவசரமாக எழுந்தாள்.

பெரியவர் கையை நீட்டிக் காற்றில் துழாவினார். அவள் கை அகப்பட்டது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"புதுசா வர்றவங்க யாரும் இந்த நாற்காலியில ஆடாம உட்கார்ந்ததே இல்ல. சுவர்ப் பக்கமா சாஞ்சு உட்காரணும்னு இந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் தெரியும்."

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

"உட்காரு. பொண்ணுன்னு எழுதிக்கோம்மா."