ஒரு பொருளுக்கு ஓர் எண்

2011 மார்ச் 14, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, அலபாமாவில் உள்ள இராணுவக் கிடங்கில் மார்லின் ஹாலிஃபீல்டு புதிய இரவுநோக்கிக் கண்ணாடி ஒன்றில் எண் தகட்டை ஒட்டினாள். ஒரு பொருளுக்கு ஓர் எண். அது மறுபடி வேறெதற்கும் வழங்கப்படுவதில்லை.

பத்து மணிக்குப் போர்முனையிலிருந்து திரும்பிய பெட்டியில் உடைந்த கண்ணாடி ஒன்று இருந்தது. அதன் தகட்டிலும் அதே எண். அவள் ஒட்டும் தகடுகளில் வழக்கமாக விழும் அதே இடப்பக்கச் சாய்வு. பட்டையில் இரத்தம் காய்ந்திருந்தது. ஒப்படைத்த வீரனின் சீட்டில் அவளுடைய மகன் வேடின் பெயர் இருந்தது. வேட் அடுத்த வாரந்தான் போருக்குப் புறப்பட வேண்டியவன்; அந்நேரம் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தான்.

"ஒரே நம்பரை ரெண்டு தடவை ஒட்டிட்டியா? இன்னைக்கு டோனட் உன் செலவு," என்று சிரித்தார் மேற்பார்வையாளர் டுவைன்.

"புதுசை நொறுக்கிடலாம் டுவைன். உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்."

"யாருக்கும் குடுக்காத சாமான் எப்படிம்மா திரும்பி வரும்? கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

விதிப்படியே முடிவு செய்யப்பட்டது. உடைந்தது கழிவில் சேர்க்கப்பட்டது. திரும்பி வந்ததற்கு ஈடாக வழங்கிய பதிவும் இருக்க வேண்டும் என்பதால், புதியது அன்றே வேடின் பெயரில் வழங்கப்பட்டது. வழங்கியவர் என்ற இடத்தில் மார்லின் கையொப்பமிட்டாள்.