எம்.பி.யைப் பார்க்க வந்தவர்கள்

“மூணு வருஷமாச்சு. போறோமா, இருக்கோமா? அதை மட்டும் சொல்லுங்க, நான் போயிடறேன்.”

கதவைச் சாத்துவதற்கு முன்பே லொரைன் ஆரம்பித்துவிட்டாள். இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் நூலகத்தின் பின்னறை அது. தொகுதி எம்.பி. சனிக்கிழமைகளில் மக்களைச் சந்திக்கும் இடம் என்று வாசலில் காகிதம் ஒட்டியிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம், ஹீட்டரை ஒட்டிய நாற்காலியில் நரைத்த தலை மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“உட்காருங்கம்மா,” என்றார்.

“உட்கார வரல. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு மார்ச்ல வெளியே வந்துடுவோம்னீங்க. அப்புறம் ஏப்ரல்னீங்க. இப்ப அக்டோபரும் முடியப் போகுது. நான் பள்ளிக்கூடத்துல சமைக்கறவ. மீனா கோழியான்னு பத்து மணிக்குள்ள முடிவு பண்ணியாகணும். உங்களை மாதிரி இருந்தா முந்நூறு பிள்ளைங்க பட்டினி கிடக்கும்.”

“நியாயம்தான்.”

“நியாயம்னு சொல்லிட்டா ஆச்சா? ஒப்பந்தம் போட்டுட்டுப் போலாமான்னா பார்லிமென்ட்ல வேணாம்னு ஓட்டுப் போடறீங்க. ஒப்பந்தம் இல்லாமப் போறதும் வேணாம். போகாமயே இருக்கறதும் வேணாம். வேற என்னதான் வேணும் உங்களுக்கு?”

“அது கஷ்டமான கேள்வி,” என்றார் அவர்.

டிவியிலும் இதையேதான் சொல்கிறார்கள் என்று லொரைன் நினைத்துக்கொண்டாள். நாலு தேர்தலாக இந்தக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுகிறாள். ஆளை இன்றுதான் பார்க்கிறாள். வீட்டுக்கு வந்த துண்டுப் பிரசுரங்களில் முகம் இருந்திருக்கும். அவையெல்லாம் வந்த கையோடு பூனைத் தட்டுக்கு அடியில் போய்விடும்.

ஆனாலும் இந்த மனிதர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எதிர்க்கட்சி மேல் பழி போடவில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படிக் கேட்கிறவரிடம் எவ்வளவு நேரம்தான் கத்த முடியும்? லொரைன் உட்கார்ந்தாள்.

“என் மருமக ரூட்டா லிதுவேனியாக்காரி. பன்னெண்டு வருஷமா இங்கதான் வேலை பார்க்கறா. ஜன்னலுக்குத் திரை மாத்தலாமான்னு கேட்டாக்கூட, ‘அக்டோபர் போகட்டும் அத்தை’ங்கறா. பேத்தி எந்த நாட்டுப் பள்ளிக்கூடத்துல படிக்கப் போறான்னே தெரியல.”

“மூணு வருஷம் முன்னாடி, போறதா இருக்கறதான்னு வாக்கெடுப்பு வெச்சப்ப நீங்க எப்படி ஓட்டுப் போட்டீங்க?”

லொரைன் கைப்பையின் வாரைத் திருகினாள்.

“போகணும்னுதான். அவளை நினைச்சுப் போடல. லண்டன்காரங்க மேல ஒரு கோவம். அது அவளுக்கு இன்னும் தெரியாது. ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றப்ப அவ மூஞ்சியைப் பார்க்க முடியல என்னால.”

இதை அவள் கணவனிடம்கூடச் சொன்னதில்லை. மூக்கை உறிஞ்சினாள். அவர் கைக்குட்டையை நீட்டினார்.

“சொல்லிடுங்கம்மா. எதுவுமே தெரியாம இருக்கறதுதான் கொடுமை. இந்த ஒண்ணாவது அந்தப் பொண்ணுக்குத் தெரியட்டும்.”

லொரைன் எழுந்தாள். மனசு லேசாகியிருந்தது. “அடுத்த தடவையும் என் ஓட்டு உங்களுக்குத்தான்.”

அவர் நெளிந்தார்.

“எனக்கு எப்படிப் போடுவீங்க? நான் எம்.பி. இல்லம்மா. என் பேரு நெவில், பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன். நானும் அந்தாளைத் திட்டத்தான் வந்தேன்.”

“அப்ப எம்.பி. எங்க?” என்றாள் லொரைன்.

“ஒன்பது மணிக்கு வந்தேன். ரூம் காலி. முழங்கால் வலின்னு ஹீட்டர் பக்கமா உட்கார்ந்தேன். ஒரு அம்மா வந்து கத்த ஆரம்பிச்சாங்க. நான் அவர் இல்லன்னு சொல்றதுக்குள்ள அழுதுட்டாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? நீங்க ஒன்பதாவது ஆள்.” நெவில் கோட்டை மாட்டிக்கொண்டார். “நான் இருக்கணும்னு ஓட்டுப் போட்டவன். உங்களை மாதிரி ஒருத்தரைப் பிடிச்சு வெச்சு நல்லாக் கேக்கணும்னு மூணு வருஷமா வெச்சிருந்தேன். இப்ப ஒண்ணும் ஞாபகம் வரல. வயிறு வேற பசிக்குது. கொஞ்ச நேரம் நீங்க உட்காருங்க. தலையை ஆட்டினாப் போதும்.”

மறுத்துச் சொல்வதற்குள் அவர் போய்விட்டார். ஹீட்டர் கதகதப்பாக இருந்தது. ஒரு நிமிஷம்தானே என்று லொரைன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கதவு திறந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கோட்டிலிருந்து மழைத் தண்ணீர் சொட்ட உள்ளே வந்தார். நாற்காலியில் அவளைப் பார்த்ததும் திகைத்து நின்றார்.

“உட்காருங்க,” என்றாள் லொரைன். “சொல்லுங்க, உங்களுக்கு என்ன கஷ்டம்?”



“இந்தக் கேள்வியை என்கிட்ட இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல,” என்று சொல்லிப் பொத்தென்று உட்கார்ந்தவர், கொட்டித் தீர்த்துவிட்டார். “ஒருத்தர் சொல்றதை ஒருத்தர் காதுல வாங்கறதில்லம்மா. எங்க போனாலும் சண்டை. வீட்டுல மனைவி ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம். ரொட்டி வாங்கக் கடைக்குப் போகவே பயமா இருக்கு. ராத்திரியில தூக்கம் இல்ல. எப்படியாவது இது முடிஞ்சாப் போதும்னு இருக்கு.”

லொரைன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். பாவம், இவர் நிலைமை தன்னைவிட மோசம் என்று தோன்றியது.

“இதையெல்லாம் நம்ம எம்.பி.யோட மூஞ்சியைப் பார்த்து நேராக் கேட்டீங்களா?”

“தினமும் காலையில கேக்கறேம்மா,” என்றார் அவர். “ஷேவ் பண்றப்ப.”