மாசானத்தின் காப்பு மந்திரம்
மாசானம் பேச்சிமுத்துவுக்குத் தர வேண்டியது ஆயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். இருவரும் இரும்பு உருக்கும் ஆலையில் ஒரே உலையடியில் நிற்பவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அறைத்தோழன் செல்வின் கதை சொல்ல, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி விளையாடுவார்கள். அன்று பேச்சிமுத்துவின் வீரன் டிராகனின் குகையில் தனியாக மாட்டிக்கொண்டான். பலகையில் வீரனாக நின்றது ஒரு பெரிய இரும்பு நட்டு. மந்திரவாதியாக ஆடிய மாசானத்திடம் ஒரே ஒரு காப்பு மந்திரம் மிச்சமிருந்தது. நெருப்பு, பனி, மின்னல் மூன்றில் எதைத் தடுக்க என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். "எலே, என் ஆளக் காப்பாத்திட்டேன்னா அந்தக் கடனே வேண்டாம்ல" என்றான் பேச்சிமுத்து. டிராகன் வாயைத் திறந்தது. "நெருப்பு!" என்று கத்திவிட்டான் மாசானம். உலையின் திறந்த வாயிலிருந்து அனலைத் தவிர வேறொன்று வந்து அவன் பார்த்ததில்லை. செல்வின் தலையில் அடித்துக்கொண்டான். "குகை பூரா பனின்னு இவ்வளவு நேரம் யாருக்குண்ணே சொன்னேன்? அது ஊதுனதும் பனிதான். ஆள் வெறச்சுட்டான்." பேச்சிமுத்து கோபப்படவில்லை. நட்டை எடுத்து, தீப்பொறித் தழும்புகள் நிறைந்த தன் முன்கையில் வைத்துப் பார்த்தான். "பனியில செத்தா எப்படிடே இருக்கும்?" செல்வினுக்கும் சரியாகத் தெரியவில்லை. "தூக்கம் வர்ற மாதிரி இருக்குமாம்ணே." நட்டு சில்லென்று இருந்தது. "நெருப்புல சாகலல்லா, அது போதும். கடன் தீந்துட்டுல, மாசானம்" என்றான் பேச்சிமுத்து. நட்டை மட்டும் கையிலிருந்து எடுக்கவில்லை.