சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்

பந்தயத்துக்காக மாற்றியமைத்த, உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டியை மூன்றாவது முறையாக மெக்கானிக்கிடம் கொண்டுவந்தார் அவர்.

“என் வீட்டுக்காரி உட்கார்ந்தா மட்டும் எஞ்சின் நின்னுடுது, தம்பி.”

மெக்கானிக் ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் சீராக ஓடியது.

“சீட்ல ஆள் இல்லேன்னா எஞ்சினை நிறுத்துற சுவிட்ச், அண்ணே. நல்லாத்தான் இருக்கு.”

“அதைக் கழட்டிட்டு வயரை நேரா இணைச்சுடு.”

“அக்கா கீழ விழுந்தா வண்டி நிக்காதே! போன வருஷம் பந்தயத்துல கப் வாங்கின அவங்களுக்கு இது தெரியாதா?”

அவர் தலைகுனிந்தார்.

“அப்போ அறுபது கிலோ இருந்தா. நோய் வந்தப்புறம் முப்பதுகூட இல்ல. சுவிட்ச் கெட்டுப்போச்சுன்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். மறுபடியும் நின்னுச்சுன்னா, தன் எடை குறைஞ்சதாலதான்னு புரிஞ்சுக்குவா.”

மெக்கானிக் சீட்டைக் கழற்றி, குழந்தை உட்கார்ந்தாலே அமுங்கும் மெல்லிய ஸ்பிரிங் ஒன்றைத் தேடிச் சுவிட்சில் பொருத்தினார்.

“பழைய சுவிட்ச் கெட்டுத்தான் போயிருந்துச்சு, அண்ணே. அக்காகிட்ட நானே வந்து சொல்றேன்.”